தாடி ஓணானும் கரப்பான் பண்ணையும்

கரப்பான் பூச்சி என்ற பெயரை அச்சில் கண்ட மாத்திரத்திலேயே நேயர்களில் பாதிப் பேர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடக்கூடும். மற்றப் பாதிப் பேர் துடைப்பம் எங்கே என்று தேடக்கூடும். இரண்டு கட்சியாரையும் சற்றுப் பொறுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். காசு கொடுத்துக் கரப்பான் பூச்சியை வாங்கி, அதற்குக் காரட்டும் ஆரஞ்சுப் பழமும் நறுக்கிப் போட்டு, குளிர் தாக்காமல் கணப்பு மூட்டிக் காப்பாற்றும் குடும்பங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை நாம் நேரில் கண்டோம். அங்கே கண்டது வெறும் வேடிக்கையாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம்.

சென்ற ஆண்டு ஜனவரி மாதத்தில், அமெரிக்காவில் மிஷிகன் மாகாணத்தில் உள்ள ஒரு சிறு பட்டணத்தில், சிநேகிதர் ஒருவர் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தோம். வெளியே முழங்கால் அளவு பனி. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து அலுத்துப்போன நம்மைப் பார்த்துச் சிநேகிதர், "அடுத்த வீட்டில் ஓர் ஓணான் இருக்கிறது. பார்க்க வருகிறீர்களா?" என்று கேட்டார். இந்தப் பனியில் ஓணானா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே கிளம்பினோம்.

வேலியில் போன ஓணான்

அடுத்த வீட்டுக்காரர் மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். அவருடைய மனைவி பள்ளிக்கூட உபாத்தியாயினி. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி. பையனுடைய அறையில், கண்ணாடித் தொட்டி ஒன்றினுள், பிரகாசமான விளக்கின் கீழே, கட்டைமேல் சாய்ந்து படுத்திருந்தது நாம் காண வந்த பிராணி. மூக்கிலிருந்து வால் நுனி வரையில் ஒன்றரை அடி நீளம் இருக்கும். கழுத்தைச் சுற்றி முட்கள். கோபம் வந்தால் அந்தக் கழுத்தை உப்பிக் கறுப்பாக்கிக் கொள்ளும். அப்போது பார்த்தால் தாடி வைத்த கிழவரைப் போல இருக்கும். ஆகையால்தான் அதற்குத் 'தாடி டிராகன்' என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கோ அதைப் பார்த்ததும் ஊர் வேலி ஞாபகம்தான் வந்தது. நம் ஓணானும் அதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தத் தாடி ஓணானின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பிரதேசம். உயிருள்ள தன் நாட்டு ஊர்வனவற்றை வியாபாரத்துக்காக வெளியே அனுப்ப அந்நாட்டு அரசாங்கம் அனுமதிப்பதில்லை. அமெரிக்க வீடுகளில் இருப்பவை பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த சந்ததி.

நம் ஊர்ப் பையன்கள் ஓணானைக் கண்டால் கல்லைத் தேடுவார்கள். இந்தப் பையனோ அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "இதற்குப் பெயர் ஸ்பைக். பின்னங்காலைப் பாருங்கள், அது என் தப்பு" என்றான்.

பார்த்தோம். இடது பின்னங்கால் வில்லைப்போல் வளைந்திருந்தது.

பட்டினிப் பூச்சி

கதையைத் தாயார் சொன்னாள். இரண்டு வருஷங்களுக்கு முன் பையனுடைய பிறந்த நாளுக்கு ஓணான் குட்டியை வாங்கினார்கள். குட்டிக்கு முக்கிய ஆகாரம் உயிருள்ள பூச்சி. வளர்ந்த பிறகுதான் கீரையும் காயும் பெரும்பகுதியாகும். வாரந்தோறும் கடையிலிருந்து சுவர்க்கோழிகளை டப்பாவில் வாங்கி வந்து போட்டார்கள். குட்டி தின்றது, வளர்ந்தது, எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றிற்று. எட்டு மாதம் சென்றபின் ஒருநாள் அது கட்டைமேல் ஏற முயன்று கீழே விழுந்தது. கைகால்கள் நடுங்கின. தாடையைத் தொட்டால் ரப்பரைப்போல் நெகிழ்ந்தது. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, எலும்பில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்று சொல்லிவிட்டார்.

நன்றாகத் தின்ற பிராணிக்கு இந்தக் கதி எப்படி நேர்ந்தது? வைத்தியர் சொன்ன விளக்கம், ஊர்வன வளர்க்கிறவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்யவேண்டிய பாடம். பெரும்பாலான பூச்சிகளின் உடம்பில் சுண்ணாம்புச் சத்து மிகக் கொஞ்சம். பாஸ்பரஸ் அதைப்போலப் பல மடங்கு. ஓணானுக்கு வேண்டியதோ நேர்மாறு: பாஸ்பரஸ் ஒரு பங்கு இருந்தால் சுண்ணாம்புச் சத்து இரண்டு பங்கு வேண்டும். குறைவை ஈடு செய்வதற்காகப் பூச்சியின்மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவிக் கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுத்தாலும், அதை உடல் ஏற்றுக்கொள்ள 'டி' வைட்டமின் வேண்டும். அந்த வைட்டமினை ஓணான் தன் தோலிலே தானே செய்துகொள்கிறது. ஆனால் அதற்குச் சூரியனுடைய அல்ட்ரா வயலெட் கிரணங்களில் 'பி' என்ற வகை படவேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கிரணத்தை உள்ளே விடாது. ஆகையால் அதற்கென்று தனி விளக்கு வைக்கிறார்கள். அந்த விளக்கிலும் ஒரு மோசம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் குறையாமல் எரிந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கிரணம் மட்டும் மாதக்கணக்கில் மங்கிப் போய்விடும். இவர்கள் வீட்டு விளக்கு அப்படித்தான் ஆகியிருந்தது.

மூன்றாவது குற்றம் ஆகாரத்தினுடையது. கடையில் டப்பாவில் அடைபட்ட சுவர்க்கோழி, விற்பனையாகும் வரையில் பட்டினி கிடக்கிறது. பட்டினிப் பூச்சியைத் தின்பது காலி உறையைத் தின்பதற்குச் சமானம். பூச்சிக்கு ஒன்றிரண்டு நாள் நல்ல தீனி கொடுத்து, அதன் வயிறு நிறைந்திருக்கும்போதே ஓணானுக்குக் கொடுத்தால், அந்தத் தீனியின் சத்தும் ஓணானுக்குச் சேரும். "பூச்சி என்ன தின்றதோ, அதைத்தான் உன் ஓணான் தின்கிறது" என்று வைத்தியர் பையனிடம் சொன்னாராம். மருந்தும் புது விளக்கும் ஸ்பைக்கைப் பிழைக்க வைத்தன. வளைந்த எலும்பு மட்டும் வளைந்தபடியே நின்றுவிட்டது.

அன்று இரவு பையன் தாயாரிடம் வந்து, "இனிமேல் பூச்சியை நானே வளர்க்கிறேன். கரப்பான் பூச்சி வளர்க்க அனுமதி கொடு" என்று கேட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை நம் நாட்டில் உண்டு. அந்த அம்மாளுக்கு ஓணானோடு போகவில்லை. அதன் பின்னால் கரப்பானும் வந்து சேர்ந்தது.

சந்தேகத்துக்கு உரியது

சுவர்க்கோழியை விட்டுக் கரப்பானுக்கு ஏன் போகவேண்டும்? சுவர்க்கோழி இரவெல்லாம் கத்தும், நாற்றமடிக்கும், குதித்து ஓடும், தின்னாமல் விட்டுவைத்தால் தூங்கும் ஓணானையே கடிக்கும். இவற்றோடு ஒரு கொள்ளை நோயும் சேர்ந்துகொண்டது. 1977-ஆம் வருஷத்திலேயே ஐரோப்பாவில் கண்டறியப்பட்ட ஒரு வைரஸ், 2009-க்குப் பின் வட அமெரிக்கச் சுவர்க்கோழிப் பண்ணைகளில் புகுந்து, பல பண்ணைகளைத் துடைத்து விட்டது. பூச்சிக்குக் கடையை நம்பியிருந்தவர்கள் பலர் வேறு பூச்சியைத் தேடலானார்கள்.

அப்படித் தேடியவர்களுக்குக் கைகொடுத்தது 'துபியா' என்னும் தென் அமெரிக்கக் கரப்பான். விஞ்ஞானிகள் இட்ட முழுப் பெயர் பிளாப்டிகா துபியா. துபியா என்றால் லத்தீன் பாஷையில் 'சந்தேகத்துக்கு உரியது' என்று அர்த்தம். ஆனால் இதன் நடத்தையில் சந்தேகிக்க அதிகம் இல்லை. வழவழப்பான சுவரில் இதனால் ஏற முடியாது. ஆண் பூச்சிக்கு முழு இறகு உண்டு. பெண்ணுக்கு இறகு என்று பேர் சொல்லத் துணுக்கு மட்டுமே. சத்தம் போடாது, வாசனையும் குறைவு. வளர்ந்த பூச்சி நாலு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும்.

இன்னொரு விசேஷம்: இது முட்டையை வெளியே இட்டுவிட்டுப் போவதில்லை. முட்டைகள் அடங்கிய உறையைச் சிறிது வெளியே நீட்டி, மறுபடியும் தன் உடலுக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொண்டு, சுமார் இரண்டு மாதம் சுமந்து, இருபது முதல் நாற்பது வரையில் உயிருள்ள குஞ்சுகளை வெளிவிடுகிறது. பிறந்த குஞ்சு எறும்பளவே இருக்கும். பல தடவை சட்டை உரித்து, நாலு முதல் ஆறு மாதத்தில் முழு வளர்ச்சி அடைகிறது. சட்டை உரித்த சிறிது நேரம் பால்போல் வெள்ளையாக இருக்கும்; பிறகு கறுத்துவிடும்.

பெட்டிக்குள்ளே

பையன் நம்மை நிலவறைக்கு அழைத்துச் சென்றான். வீட்டைச் சூடாக்கும் கணப்பு யந்திரத்தின் அருகில், வெளிச்சம் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது. மூடியில் சதுரமாக வெட்டி உலோக வலை ஒட்டியிருந்தான். உள்ளே, முட்டை அடுக்கும் காகிதக் கூழ் அட்டைகள் செங்குத்தாக நிறுத்தப்பட்டிருந்தன. "படுக்க வைத்தால் எச்சம் அட்டையிலே தேங்கும், நிறுத்தி வைத்தால் அடியில் விழுந்துவிடும்" என்று காரணம் சொன்னான். ஓர் அட்டையை அவன் தூக்கியதும் நூற்றுக்கணக்கான கால்கள் ஒரே சமயத்தில் சரசரவென்று நகர்ந்தன. நாம் ஓர் அடி பின்வாங்கினோம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

பெட்டியின் பக்கத்தில் மின்சாரச் சூட்டு விரிப்பு ஒட்டியிருந்தது. உஷ்ணம் சென்டிகிரேட் கணக்கில் 30 முதல் 35 டிகிரி வரையில் இருந்தால்தான் இவை நன்றாகப் பெருகும். அறை குளிர்ந்தால் உயிரோடிருக்கும், குஞ்சு பொரிக்காது. ஓர் ஆணுக்கு மூன்று முதல் ஐந்து பெண் என்பது பையனுடைய கணக்கு. ஆண் அதிகமானால் சண்டை மிகும். ஆகையால் ஓணானுக்கு முதலில் போவது உபரி ஆண்கள்தான்.

தீனி, தானியத் தூளும் காரட், ஆரஞ்சு, ஆப்பிள் துண்டுகளும். புரதம் அதிகமானால் பூச்சியின் உடம்பில் யூரிக் அமிலம் சேரும். அது தின்கிற ஓணானுக்குக் கெடுதல். கிண்ணத்தில் தண்ணீர் வைக்கக்கூடாது. குஞ்சுகள் விழுந்து செத்துப்போகும். பழத்தின் ஈரமே பெரும்பாலும் போதும். சிலர் நீரை உறிஞ்சிக் கெட்டிப்பட்ட பளிங்கு மணிகளை வைக்கிறார்கள். மிஞ்சிய பழத்தை அன்றைக்கன்று எடுத்துவிடவேண்டும். பூஞ்சைக் காளான் பிடித்தால் பெட்டியே அழிந்துபோகும். கொடுக்கும் பூச்சி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? ஓணானுடைய இரண்டு கண்களுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கலாகாது என்பது வளர்க்கிறவர்களிடையே வழங்கும் விதி.

முதலில் நூறு பூச்சிகள் வாங்கியவன், ஏழு மாதம் ஒன்றையும் எடுக்காமல் காத்திருந்தானாம். விதை நெல்லைத் தின்னலாகாது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெட்டி சொல்லிக் கொடுத்திருக்கிறது.

நாம் ஒரு கேள்வி கேட்டோம்: "இத்தனை அருமையாக வளர்த்துவிட்டு, கொல்லக் கொடுக்க மனம் வருகிறதா?"

பையன் சற்று யோசித்தான். "கடையில் வாங்கினாலும் சாகத்தான் போகிறது. என்னிடம் இருக்கும் வரையில் பட்டினி கிடக்காது" என்றான். ஜீவஹிம்சையைப் பற்றி நாம் கொண்டிருக்கும் அபிப்பிராயம் எதுவாயினும், இதைவிட நேர்மையான பதிலைப் பெரியவர்களிடமும் நாம் அதிகம் கேட்டதில்லை.

பெயர் பெற்ற கள்ளர்கள்

"இவை வெளியே ஓடி வீடெல்லாம் பெருகிவிடாதா?" என்ற கேள்வி நேயர்களுக்குத் தோன்றுவது இயற்கை. உலகில் சுமார் 4,600 வகைக் கரப்பான்கள் இருக்கின்றன. மனிதனுடைய வீட்டை நாடி வருபவை அவற்றில் சுமார் முப்பதே. மற்றவை காட்டிலும் சருகிலும் கிடந்து தம் பாட்டைப் பார்த்துக்கொள்பவை. அடுக்களையில் நாம் காணும் கள்ளர்கள் வேறு ஜாதி. அவர்களுடைய பெயர்களும் பொய்ப் பெயர்கள். 'அமெரிக்கக் கரப்பான்' ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறிப் போனது. 'ஜெர்மன் கரப்பா'னுக்கு லின்னேயஸ் 1767-இல் அப்பெயரிட்டார்; ஆனால் 2024-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று, சுமார் 2,100 வருஷங்களுக்கு முன் இந்தியாவிலோ பர்மாவிலோ மனிதர் குடியிருப்புகளோடு ஒட்டிக்கொண்ட ஆசியக் கரப்பானின் வழித்தோன்றல்தான் அது என்று காட்டியிருக்கிறது. ஜெர்மனியின் பேரில் நாம் போட்ட பழி நம் அண்டையிலேயே வந்து நிற்கிறது!

துபியா, மிஷிகன் வீட்டின் சாதாரணக் குளிரில் பெருகாது என்பது உண்மை. ஆனால் தீனிப் பூச்சிகள் எல்லாம் இவ்வளவு சாது என்று எண்ணிவிடலாகாது. மத்திய ஆசியாவைச் சேர்ந்த துருக்கிஸ்தான் கரப்பான் 1978-இல் கலிபோர்னியாவில் ஒரு ராணுவக் கிடங்கில் முதன் முதலாகக் காணப்பட்டது. ஊர்வனவற்றுக்குத் தீனியாக அதையும் தபாலில் விற்று வந்தார்கள். இன்று அமெரிக்காவின் தென்மேற்குப் பட்டணங்களில் அது பழைய கீழ்நாட்டுக் கரப்பானைத் துரத்திவிட்டு அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. 2013-ஆம் வருஷம் ஆகஸ்டில், சீனாவில் ஜியாங்சூ மாகாணத்தில் மருந்துக்காகக் கரப்பான் வளர்த்த பண்ணை ஒன்று உடைபட்டு, பத்து லக்ஷத்துக்குக் குறையாத பூச்சிகள் வயல்வெளிக்குள் ஓடிவிட்டன. பையனுக்கு இந்த விஷயங்கள் தெரியும். உபரிப் பூச்சிகளை அவன் வெளியில் விடுவதில்லை. ஓணான் வளர்க்கும் வேறு பையன்களுக்குக் கொடுக்கிறான். அதற்கும் மிஞ்சினால் உறைபெட்டியில் வைத்துவிடுகிறான்.

சின்னப் பெண்ணின் இருமல்

இவ்வளவு ஜாக்கிரதையும் ஓர் ஆபத்தைத் தடுக்கவில்லை. அது ஓடிப் போகும் பூச்சியால் வரவில்லை. பெட்டியிலேயே இருந்த பூச்சியால் வந்தது.

நாம் அங்கே இருந்த இரண்டாவது வாரம், தங்கைக்கு இருமல் அதிகமாயிற்று. இரவில் இழுப்பும் கண்டது. குளிர்காலம் ஆரம்பித்ததிலிருந்தே இருந்து வந்ததைச் சளி என்று எண்ணியிருந்தார்கள். டாக்டர் அவளுடைய முன்கையில் பல திரவங்களைத் துளித் துளியாக வைத்து ஊசி முனையால் கீறினார். கால் மணி நேரத்தில் ஒரு துளியைச் சுற்றித் தடிப்புக் கிளம்பிற்று. "வீட்டில் கரப்பான் பூச்சி உண்டா?" என்று டாக்டர் கேட்டார். "ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது" என்று தாயார் பதில் சொன்னாளாம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கரப்பானுடைய எச்சமும், உரித்த சட்டையும், உமிழ்நீரும் தூளாகிக் காற்றில் கலந்து சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும்; கரப்பான் ஒவ்வாமையை 1964-இல் இரண்டு அமெரிக்க டாக்டர்கள் தோல் சோதனையால் காட்டினார்கள். 1997-இல் அமெரிக்காவின் எட்டு நகர்ப்பகுதிகளில் ஆஸ்த்மா உள்ள 476 குழந்தைகளை வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. கரப்பான் ஒவ்வாமை உள்ள குழந்தைகள் அதன் தூசி மிகுந்த அறையில் தூங்கும்போது, மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள் என்று தெரிந்தது. அந்த ஆராய்ச்சி அடுக்களைக் கரப்பானைப் பற்றியது. ஆயினும் தீனிக் கரப்பான் வளர்க்கிறவர்களுக்கும் தும்மலும் அரிப்பும் இழுப்பும் உண்டாவது வழக்கம்; பல வருஷம் வளர்த்த பிறகும் திடீரென்று ஆரம்பிக்கலாம். இந்த வீட்டில் பெட்டி கணப்பு யந்திரத்தின் அருகில் வேறு இருந்தது. அந்த யந்திரம் நிலவறைக் காற்றைச் சூடாக்கிக் குழாய் வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்புகிறது. பையன் சூட்டுக்காகத் தேர்ந்தெடுத்த இடமே தங்கையின் படுக்கைக்குத் தூசி அனுப்பும் இடமாகவும் இருந்துவிட்டது.

அன்று இரவு அந்த வீட்டில் ஒருவரும் உரக்கப் பேசவில்லை என்று சிநேகிதர் சொன்னார். தாயார் பெட்டியை மறுநாளே அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கலாம். அதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவள் பையனைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, "நீயே யோசித்துச் சொல்" என்றாளாம். அவன் சாப்பிடாமலே எழுந்து போய், கீழே பெட்டியின் அருகில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். காலையில் வந்து, "வீட்டை விட்டு எடுத்துவிடலாம். ஸ்பைக்குக்குத் திரும்பவும் கடைப் பூச்சியே வாங்குவோம். இந்தத் தடவை நான் பொடி தூவ மறக்கமாட்டேன்" என்றான்.

தகப்பனார் அதுவரையில் ஒன்றும் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டோடு ஒட்டாமல் தனியே இருந்த மோட்டார்க் கொட்டகைக்குப் போய், பலகையும் சூடு காக்கும் நுரைத் தகடும் வைத்து, ஆள் உயர அலமாரி ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார்.

பனியில் ஒற்றையடிப் பாதை

புதிய ஏற்பாட்டுக்கு நிபந்தனைகள் இருந்தன. தாயார் காகிதத்தில் எழிதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். பெட்டியைத் தொடும்போது முகமூடியும் கையுறையும் அணியவேண்டும். கொட்டகையில் தனிச் சட்டை. அந்தச் சட்டை வீட்டுக்குள் வரக்கூடாது. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தங்கையின் அருகில் போகலாம். பூச்சிகளைக் கொட்டகையிலேயே எண்ணிப் பொடி தூவி, மூடிய டப்பாவில் கொண்டுவர வேண்டும். வசந்த காலம் வரும்போது இருமல் குறையாவிட்டால் பெட்டி போய்விட வேண்டும். கடைசி நிபந்தனையின் கீழே பையன் கையெழுத்திட்டிருந்தான்.

நாம் ஊர் திரும்பும் நாளன்று விடியற்காலையில் ஜன்னல் வழியே பார்த்தோம். இரவெல்லாம் பெய்த புதுப் பனிமேல், வீட்டிலிருந்து கொட்டகைக்குச் சிறு காலடிகள் போயிருந்தன. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் பையன் காரட் நறுக்கிக் கொண்டு போயிருக்கிறான்.

சித்திரை மாதம் சிநேகிதரிடமிருந்து கடிதம் வந்தது. நிலவறையைத் துடைத்து, காற்றுக் குழாய்களையும் சுத்தம் செய்தார்களாம். பெண் மருந்தை இன்னும் நிறுத்தவில்லை. ஆனால் இரவில் விழித்துக்கொள்ளாமல் தூங்குகிறாள். பெட்டி கொட்டகையிலேயே இருக்கிறது. ஸ்பைக் வளைந்த காலோடு கட்டைமேல் ஏறி விளக்கடியில் உட்காருகிறது.

பிராணி வளர்க்க ஆசைப்படும் குழந்தை நம் வீட்டிலும் இருக்கலாம். உடும்பு, நட்சத்திர ஆமை முதலிய நம் நாட்டுப் பிராணிகளை வீட்டில் வைத்துக்கொள்வது சட்ட விரோதம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆனால் நாயோ, மீனோ, கிளியின் இடத்தில் ஒரு கோழியோ, எதுவானாலும் சரி: ஒரு வாயை வீட்டுக்குள் கொண்டுவருகிறவன், அந்த வாய்க்குப் போகும் ஆகாரத்தையும், அந்த ஆகாரம் தின்னும் ஆகாரத்தையும், இவை எல்லாம் கலந்து வரும் காற்றைச் சுவாசிக்கும் குழந்தையையும் சேர்த்தே கொண்டுவருகிறான். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இதைக் கரப்பான் பெட்டியிலிருந்து தெரிந்துகொண்டான்.